முன் அச்சும் பின் அச்சும்

ஒரு வருஷத்து ஜீப் வண்டியின் முன் டிபரன்ஷியலை எடுத்து வேறொரு வருஷத்து ஜீப்பில் பொருத்தலாமா? பழைய வண்டிகளில் எனக்குள்ள ஈடுபாட்டை அறிந்த அன்பர்கள் இந்தக் கேள்வியை அடிக்கடி என்னிடம் கேட்பதுண்டு. 'பொருத்தலாம்' என்று சொன்னாலும் தவறு. 'பொருத்தலாகாது' என்று சொன்னாலும் தவறு. 'எண்ணிப் பார்த்துவிட்டுப் பொருத்தலாம்' என்பதே சரியான விடை. எதை எண்ணுவது, எப்படி எண்ணுவது, எண்ணாமல் விட்டால் என்ன நேரும் என்பவற்றை நேயர்களுக்கு விளக்கிச் சொல்ல விரும்புகிறேன். ஜீப் வைத்திராதவர்களும் கேட்கலாம். அவர்கள் அன்றாடம் ஏறிச் செல்லும் பஸ்ஸிலும் டாக்ஸியிலும் இதே யந்திரத்தின் ஒரு பாதி இருக்கிறது.

டிபரன்ஷியல் எதற்காக வந்தது என்பதை முதலில் பார்ப்போம். மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின்போது கபாலீசுவரர் தேர் மாட வீதிகளைச் சுற்றி வருவதைப் பலர் கண்டிருப்பீர்கள். வீதி முனையில் தேர் திரும்பும்போது உள்பக்கத்துச் சக்கரம் சிறிது தூரமே நகர்கிறது. வெளிப்பக்கத்துச் சக்கரமோ நெடுந்தூரம் உருண்டு வருகிறது. தேர்ச் சக்கரங்கள் அச்சில் தனித்தனியே சுழலக்கூடியவை. ஆகையால் முட்டுக்கட்டை போட்டு, வடத்தை இழுத்து, தேரைத் திருப்பிவிட முடிகிறது. இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் அசையாதபடி அறைந்திருந்தால், தேர் முதல் முனையிலேயே நின்றுபோகும். அல்லது ஏதேனும் ஒரு சக்கரம் தரையைத் தேய்த்துக்கொண்டு இழுபடும்.

எவ்வளவு தூரம் வேறுபடும் என்பதற்கு அழகிய கணக்கு ஒன்று உண்டு. ஜீப்பின் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் நடுவே சுமார் நான்கு அடி இடைவெளி. வண்டி முழுச் சுற்று ஒன்று சுற்றிப் புறப்பட்ட திசைக்கே மீண்டால், வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறத்தாழ 25 அடி அதிகமாக ஓடியிருக்கும். சுற்று சிறியதா பெரியதா என்பது இந்தக் கணக்கில் வராது. தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றி வந்தாலும் அதே 25 அடி. ஒரு விளக்குக் கம்பத்தைச் சுற்றி வந்தாலும் அதே 25 அடிதான். நம்ப மனம் வராதவர்கள் காகிதத்தில் இரண்டு வட்டங்கள் வரைந்து கணக்கிட்டுப் பார்க்கலாம்.

தேரை மனிதர்கள் இழுக்கிறார்கள்; சக்கரத்துக்குத் தன் சொந்தச் சக்தி எதுவும் இல்லை. மோட்டார் வண்டியில் அப்படியன்று. எஞ்சினின் சக்தி சக்கரத்துக்கே போய்ச் சேர வேண்டும். அதே சமயம் இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். முரண்பட்டவைபோல் தோன்றும் இந்த இரண்டு தேவைகளையும் நிறைவேற்றுவதற்காகவே சிறு பற்சக்கரங்கள் சிலவற்றை ஒரு கூட்டுக்குள் அடைத்து வைத்தார்கள். பிரான்ஸ் நாட்டுக் கடிகாரத் தொழிலாளர் ஒனெசிபோர் பெக்கர் என்பவர் 1820-களின் இறுதியில் நீராவி வண்டி ஒன்றுக்காக இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பட்டறைகளில் அந்தச் சிறு சக்கரங்களை ஸ்டார் பினியன் என்பார்கள். ஒரு பக்கத்துச் சக்கரம் எவ்வளவு மெதுவாகச் சுழல்கிறதோ, அவ்வளவு வேகம் மறுபக்கத்துச் சக்கரத்துக்குக் கூடும்படி அவை பார்த்துக்கொள்கின்றன.

அந்தக் கூட்டைச் சுற்றுவது கிரௌன் வீல் என்ற பெரிய பற்சக்கரம். அதைச் சுற்றுவது பினியன் என்ற சிறிய பற்சக்கரம். பினியனைச் சுற்றுவது கியர் பெட்டியிலிருந்து நீளும் பிரொப்பல்லர் ஷாப்ட். இவை எல்லாவற்றையும் உள்ளடக்கிய இரும்பு உறைக்கு ஹவுஸிங் என்று பெயர். பேச்சு வழக்கில் இந்தத் தொகுதி முழுவதையும் டிபரன்ஷியல் என்றே சொல்லிவிடுகிறோம். இந்தப் பெயர்க் குழப்பத்தினால்தான் பிறகு பணச்செலவு வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வளைவில் சக்கரங்களைப் பிரித்துவிடுவது ஸ்டார் பினியனின் வேலை. எஞ்சினின் வேகத்தைக் குறைத்து இழுக்கும் ஆற்றலைக் கூட்டுவது கிரௌனும் பினியனும் சேர்ந்து செய்யும் வேலை. மாற்றிப் பொருத்துகிறவர் மிகவும் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது வேலையையே.

சாதாரண மோட்டார் வண்டியில் இத்தகைய தொகுதி ஒன்றுதான் இருக்கும். ஜீப்பிலோ முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் டிரான்ஸ்பர் கேஸ் என்ற மற்றொரு பெட்டி அமர்ந்து, கியர் பெட்டியிலிருந்து வரும் சக்தியை முன்னும் பின்னும் அனுப்புகிறது. ஓட்டுபவர் அதற்குரிய நெம்புகோலை இழுத்துவிட்டால், முன் பிரொப்பல்லரும் பின் பிரொப்பல்லரும் ஒரே இரும்பாகப் பிணைந்துவிடுகின்றன. பின்னது நூறு சுற்றுச் சுற்றினால் முன்னதும் நூறு சுற்றுச் சுற்றியே ஆக வேண்டும். 1970-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் போன்ற வண்டிகளில் நடுவிலும் ஒரு டிபரன்ஷியல் வைத்து இந்தப் பிணைப்பைத் தளர்த்தினார்கள். பழைய ஜீப்பில் அந்த வசதி கிடையாது. முன்னும் பின்னும் ஒத்துப்போகாவிட்டால், இடையில் நின்று சமாதானம் செய்ய அங்கே எதுவும் இல்லை.

இனி வருஷ வேறுபாட்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, வில்லிஸ் கம்பெனியும் போர்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர் முடிந்த பிறகு நம் நாட்டிலிருந்த அமெரிக்க ராணுவ ஜீப்புகள் பல 'டிஸ்போசல்' சரக்காக விலைபோயின. மற்றொரு புறம், வில்லிஸ் கம்பெனி 1945-இலேயே பொதுமக்களுக்கென்று சி.ஜே. 2ஏ என்ற மாடலை வெளியிட்டது. சில வருஷங்களில் பம்பாயில் மகிந்திரா கம்பெனியார் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். 1953-இல் வில்லிஸ் வெளியிட்ட சி.ஜே. 3பி என்ற மாடல் நம் நாட்டில் பல பத்தாண்டுகள் உற்பத்தியாயிற்று. எஞ்சின் மூடி உயர்ந்து, நெற்றி தூக்கிய தோற்றத்துடன் சர்க்கார் அலுவலகங்களின் முன் நின்ற ஜீப் அதுதான்.

ராணுவ ஜீப்பின் முன் ஹவுஸிங்கையும், சி.ஜே. மாடலின் முன் ஹவுஸிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஸ்பைசர் கம்பெனியின் 25-ஆம் எண் அச்சு. இரண்டிலும் கிரௌன் இருக்கும் பருத்த பகுதி வண்டியின் வலப்புறமாக ஒதுங்கியிருக்கும். உடன்பிறந்தவற்றைப் போன்ற தோற்றம். ஆனால் உள்ளே திறந்து பார்த்தால், ராணுவ ஜீப்பின் பினியனில் 8 பல், கிரௌனில் 39 பல். சி.ஜே. மாடலின் பினியனிலும் 8 பல்தான். கிரௌனிலோ 43 பல். முன்னதன் விகிதம் 4.88, பின்னதன் விகிதம் 5.38 என்று புத்தகங்களில் போட்டிருப்பது இதைத்தான். ராணுவத்தாருக்குச் சாலையில் விரைந்து செல்ல வேண்டியிருந்தது. பொதுமக்களின் ஜீப்பையோ கலப்பை இழுப்பதற்கும் பண்ணை வேலைக்கும் ஏற்றதாக விளம்பரம் செய்தார்கள். வேகத்தைக் குறைத்து இழுப்பைக் கூட்டுவதற்காக நான்கு பற்களைச் சேர்த்தார்கள்.

இந்த நான்கு பல் என்ன செய்யும்? பின்னால் 39 பல் கிரௌனும் முன்னால் 43 பல் கிரௌனும் உள்ள ஜீப் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நெம்புகோலை இழுத்து நான்கு சக்கர ஓட்டத்தில் வண்டியைச் செலுத்துகிறோம். இரண்டு பிரொப்பல்லர்களும் ஒரே அளவு சுற்றுகின்றன. கணக்குப் போட்டால், பின் சக்கரம் 43 முறை சுற்றும் நேரத்தில் முன் சக்கரம் 39 முறையே சுற்றும். டயரின் சுற்றளவை ஏறத்தாழ ஏழரை அடி என்று கொள்வோம். பின் சக்கரங்கள் சுமார் 322 அடி ஓட விரும்புகின்றன. முன் சக்கரங்கள் 292 அடி ஓடத்தான் இசைகின்றன. 30 அடி வித்தியாசம்! ஆனால் வண்டி ஒன்றுதான். அதன் முன்பாதி ஓரிடத்திலும் பின்பாதி வேறோரிடத்திலும் போய்ச் சேர முடியாது. ஆகவே அந்த 30 அடியையும் டயர்கள் வழுக்கித் தீர்க்க வேண்டும்.

மணலிலும் சேற்றிலும் அவை வழுக்கிவிடும். தார்ச் சாலையில் டயர் எளிதில் வழுக்காது. அப்போது பிரொப்பல்லரும் அச்சுத் தண்டுகளும், கயிற்றை இரு முனையிலும் எதிரெதிராக முறுக்குவதுபோல் முறுக்கேறுகின்றன. முறுக்கு ஏற ஏற, பற்கள் ஒன்றையொன்று நெரிக்கின்றன. நெம்புகோலைத் திரும்பத் தள்ளினால் அது வராது. இறுதியில் எது பலவீனமோ அது முறிகிறது. சில சமயம் அது ஜாயிண்ட் குறுக்காக இருக்கலாம். சில சமயம் டிரான்ஸ்பர் கேஸின் பல்லாக இருக்கலாம்.

இதைக் காட்டிலும் ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. இந்தக் குறை அன்றாட ஓட்டத்தில் வெளிப்படவே வெளிப்படாது. நகரச் சாலைகளில் ஜீப்பைப் பின் சக்கரங்களின் சக்தியால் மட்டுமே ஓட்டுகிறோம். அப்போது முன் பிரொப்பல்லர் எதனோடும் பிணைப்பில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். 39 பல்லோ 43 பல்லோ, அதற்குக் கவலையில்லை. பட்டறையிலிருந்து வண்டி வெளியே வருகிறது, லஸ் முனைக்கும் அடையாற்றுக்கும் நாள்தோறும் போய் வருகிறது, சத்தமில்லை, அதிர்ச்சியில்லை. உடையவர் 'வேலை நன்றாக இருக்கிறது' என்று நான்கு பேரிடம் சொல்லவும் செய்கிறார். நான்கு சக்கர ஓட்டம் எப்போது தேவைப்படுகிறது? வெள்ளம் வரும்போது, சேற்றில் அகப்படும்போது. உதவி வேண்டிய அந்த நாள் வரையில் குறை உள்ளேயே ஒளிந்து கிடக்கிறது.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டு, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எனக்கு அறிமுகமான ஒருவர் அன்று தம்முடைய பழைய ஜீப்பில் அண்டை வீட்டு முதியவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு பட்டறையில் அதன் முன் ஹவுஸிங்கை மாற்றியிருந்தார்கள். பல்லை யாரும் எண்ணியிருக்கவில்லை. முழங்காலளவு நீரில் வண்டி நன்றாகவே சென்றது. தரை வழுக்கலாயிருந்ததால் முறுக்கு ஏறவில்லை. நீர் வடிந்த மேட்டுச் சாலையை அடைந்ததும் வண்டி இறுகத் தொடங்கியது. நெம்புகோல் அசையவில்லை. இன்னும் சிறிது தூரம் ஓட்டியதும் பெரும் சத்தத்துடன் டிரான்ஸ்பர் கேஸ் உடைந்து, வண்டி சாலையின் குறுக்கே நின்றுவிட்டது. முதியவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். நல்ல வேளையாக அதற்கு மேல் தீங்கு ஒன்றும் நேரவில்லை. இரண்டாவது முறை வெள்ளத்துக்குள் சென்று மற்றவர்களை அழைத்து வர அன்று அந்த வண்டி இல்லை.

அப்படி இறுகிப்போன வண்டியை விடுவிக்க ஒரு வழி உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிறிது தூரம் பின்னோக்கி ஓட்டினால் முறுக்குத் தளரலாம். தளராவிட்டால், முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கினால் அது வெடுக்கென்று சுழன்று முறுக்கு விடுபடும். தூக்கும்போது சக்கரத்தின் அருகில் கையை வைக்கலாகாது.

இனி எண்ணும் முறை. வண்டியைத் திறக்காமலேயே பல் விகிதத்தை அறியலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முன் அச்சைச் சோதிப்பதானால், முன் ஓட்டத்துக்குரிய நெம்புகோலை விடுவித்துவிட்டு, முன் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்குங்கள். மற்றது தரையில் அசையாமல் இருக்கட்டும். சக்கரத்தைத் தனியே விடுவிக்கும் ஹப் பொருத்தியிருந்தால் அதைப் பூட்டிவிட வேண்டும். டயரில் ஒரு சுண்ணாம்புக் கோடு, பிரொப்பல்லரில் ஒரு கோடு. ஒருவர் சக்கரத்தை 16 முறை சுற்ற வேண்டும். மற்றொருவர் பிரொப்பல்லர் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். ஒரு சக்கரம் நின்று மற்றது சுற்றும்போது கிரௌன் அதில் பாதிதான் சுற்றும். அதாவது 8 முறை. பினியனில் 8 பல். ஆகவே பிரொப்பல்லர் சுற்றிய எண்ணிக்கையே கிரௌனின் பல் எண்ணிக்கை! 39 வந்தால் ராணுவக் கிரௌன். 43 வந்தால் சி.ஜே. கிரௌன். 34-க்குச் சற்று மேல் வந்தால் அது 11-க்கு 47 பல் உள்ள பிற்கால ஜோடி. டீசல் எஞ்சின் வண்டிகளில் எஞ்சினின் கதிக்கு ஏற்ப விகிதத்தை மாற்றுவது வழக்கமாகையால், இன்னும் வேறு எண்களும் வரலாம். எந்த எண் வந்தாலும் முன்னும் பின்னும் அதே எண் வர வேண்டும்.

பின் அச்சைச் சோதிக்கும்போது ஓர் எச்சரிக்கை. பழைய ஜீப்பின் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம் பிரொப்பல்லரைப் பிடிக்கிறது. சோதனைக்காக அதை விடுவித்தே ஆக வேண்டும். விடுவிக்காவிட்டாலும் பயனில்லை, பின் சக்கரம் ஒன்றைத் தூக்கியவுடன் டிபரன்ஷியல் தன் குணத்தைக் காட்டி, தரையிலுள்ள மற்றச் சக்கரத்தை உருளவிட்டுவிடும். கைப்பிரேக்கை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இரு பக்கமும் கல் வைத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும்.

ஹவுஸிங் மூடியின் ஆணி ஒன்றில் பல் எண்ணிக்கை பொறித்த சிறு தகடு தொங்குவதுண்டு. அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். தகடு ஆலையிலிருந்து புறப்பட்ட நாளைப் பற்றிச் சொல்லும்; அதற்குப் பிறகு எத்தனை கை மாறி, உள்ளே எதை எடுத்து எதை வைத்தார்கள் என்பதைச் சொல்லாது. பதிவுப் புத்தகத்தில் எழுதியுள்ள வருஷமும் அப்படித்தான். அரை நூற்றாண்டு ஓடிய ஜீப் ஒன்றில் எஞ்சின் ஒரு வருஷத்தது, கியர் பெட்டி ஒரு வருஷத்தது, அச்சு ஒரு வருஷத்தது என்றிருப்பது அபூர்வமன்று. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். கூவம் கரையையொட்டிய புதுப்பேட்டையில் நாம் வாங்குவது தானம் அன்று; விலை கொடுத்து வாங்குகிறோம். பல்லைப் பார்த்தே வாங்க வேண்டும். கடையில் கிடக்கும் ஹவுஸிங்குக்கு ஜாக்கி வேண்டியதில்லை. மூடியைக் கழற்றச் சொல்லி, கிரௌனில் ஒரு பல்லில் அடையாளம் வைத்து எண்ணிவிடலாம்.

அடையாற்றிலுள்ள என் நண்பர் ஒருவர் இவ்வாறு எண்ணியதனால் தப்பினார். வெள்ளத்தில் மூழ்கிய அவருடைய சி.ஜே. 3பி-யின் முன் ஹவுஸிங்கில் தண்ணீர் புகுந்து, பேரிங்குகள் துருப்பிடித்து, கிரௌனின் பல் ஒன்று சிதைந்திருந்தது. புதுப்பேட்டையில் துருவில்லாத முன் ஹவுஸிங் ஒன்று கிடைத்தது. ஆணித் துளைகள் எல்லாம் சரியாக அமைந்தன. எண்ணிப் பார்த்ததில் 39. அவருடைய பின் அச்சிலோ 43. கடைக்காரர், 'பின்னாலும் ராணுவ அச்சையே போட்டுவிடுங்கள்' என்றார். அதுவும் ஒரு வழிதான். ஆனால் ராணுவ ஜீப்பின் பின் அச்சு வேறு அமைப்புடையது. அதற்காக நல்ல பின் அச்சைக் கழற்றுவதில் பொருளில்லை. வேறொருவர், 'பின்னால் பெரிய டயர் போட்டால் கணக்குச் சரியாகிவிடும்' என்று யோசனை சொன்னார். கணக்கு ஒருவாறு சரியாகலாம். ஆனால் பத்தில் ஒரு பங்கு வேறுபட்ட டயர் மட்காட்டில் உரசும். இடையில் பஞ்சரானால் ஸ்டெப்னிச் சக்கரம் முன்னுக்கு உதவினால் பின்னுக்கு உதவாது. இத்தகைய சாமர்த்தியங்களை நான் ஆதரிப்பதில்லை. இறுதியில் நண்பர் புதுப்பேட்டை ஹவுஸிங்கை வாங்கி, அதற்குள் 43-8 ஜோடி ஒன்றைத் தேடி வைத்தார். தேடுவதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் நாலைந்து நாள் அலைய வேண்டியிருந்தது.

ஜோடி என்று சொன்னேன். அந்தச் சொல்லை வேண்டுமென்றே சொன்னேன். கிரௌனும் பினியனும் ஆலையில் ஒன்றோடொன்று சேர்த்துத் தேய்க்கப்பட்டவை. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒரு வண்டியின் கிரௌனையும் மற்றொரு வண்டியின் பினியனையும் சேர்ப்பது, பல் எண்ணிக்கை சரியாக இருந்தாலும், தகாத காரியம். சில நூறு மைலுக்குள் ஊளையிட ஆரம்பித்துவிடும்.

அந்த ஜோடியை ஹவுஸிங்குக்குள் வைப்பதுதான் இந்த வேலையில் மிகவும் நுட்பமான பகுதி. பினியன் கிரௌனுக்குள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், பேரிங்குகள் எவ்வளவு இறுக வேண்டும், இரண்டு பற்களுக்கும் இடையில் எவ்வளவு தளர்ச்சி இருக்க வேண்டும் என்ற மூன்றையும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளால் சரிசெய்கிறார்கள். பற்களின் இடைத்தளர்ச்சி ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அவற்றில் ஒரு சில கூறுகளே. கண்ணுக்கோ கைக்கோ எட்டாத அளவு. டயல் கேஜ் வைத்தே பார்க்க வேண்டும். பல் எங்கே படுகிறது என்பதை அறிய, கிரௌனின் சில பற்களில் ஈயச் செந்தூரக் குழம்பையோ நீல மையையோ தடவிச் சுற்றுகிறார்கள். குழம்பு அழிந்த இடம் பல்லின் நடுவில் அமைந்தால் சரி. நுனியில் மட்டும் அழிந்திருந்தால் பினியன் போதிய ஆழம் இறங்கவில்லை; அடியில் அழிந்திருந்தால் மிகவும் இறங்கிவிட்டது. ஒரு ஷிம்மை எடுத்துவிட்டு மறுபடியும் பூட்ட வேண்டும், மறுபடியும் குழம்பு, மறுபடியும் கழற்றல். நண்பரின் வண்டிக்கு இது இரண்டு நாள் வேலையாயிற்று. மெக்கானிக் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. 'காதுக்குத் தெரிகிற வரைக்கும் காத்திருந்தால் பல்லு போயிருக்கும் சார்' என்று அவர் சொன்னது பொறியியல் நூல்களில் உள்ளதைவிடத் தெளிவாக எனக்குப் பட்டது.

மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமம் குறைவு. அதில் கிரௌனும் பினியனும் ஒரு தனிக் கூட்டில் அமைந்து, ஹவுஸிங்கிலிருந்து முழுத் தொகுதியாக வெளியே வந்துவிடும். ஆலையில் ஷிம் வைத்துச் சரிசெய்த நிலையிலேயே அதை மற்றொரு ஹவுஸிங்கில் ஏற்றலாம். ஆனால் ஹவுஸிங்கோடு சேர்த்து முழு அச்சையும் மாற்ற எண்ணுகிறவர்கள் வருஷத்தைக் கவனிக்க வேண்டும். 1985-இல் வந்த ஜிப்ஸியின் அச்சு குறுகியது. 1993-இல் இரு சக்கரங்களின் இடைவெளியை 90 மில்லிமீட்டர் அகலப்படுத்தினார்கள். 1996-இல் 1.3 லிட்டர் எஞ்சின் வந்தது. முன்னால் அகன்ற அச்சும் பின்னால் குறுகிய அச்சுமாக ஓடும் வண்டி சேற்றில் தன் தடத்திலேயே தான் செல்லாது. பல் எண்ணும் விதியோ ஜிப்ஸிக்கும் அதேதான்.

தூர தேசத்து அச்சுகளை இறக்கிப் பொருத்த ஆசைப்படுகிறவர்களும் உண்டு. பழைய ஜீப்பில் முன் கிரௌன் வலப்புறம் இருக்கிறது என்றேன். அமெரிக்காவில் 1987 மாடலாக வந்த ராங்ளர் வண்டியில் அதை இடப்புறத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த அச்சை இங்கே பொருத்தினால் பிரொப்பல்லர் போய்ச் சேர வேண்டிய இடமே எதிர்ப்புறமாகிவிடும். இதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

முழு முன் அச்சை மாற்றும்போது டிபரன்ஷியலோடு ஸ்டியரிங் முட்டுகளும் பிரேக்கும் சேர்ந்து வருகின்றன. போர்க்கால அச்சுகளில் சக்கரத்துக்கருகே உள்ள ஜாயிண்ட் ரெஸெப்பா, பெண்டிக்ஸ், டிராக்டா, ஸ்பைசர் என்று நான்கு வகைகளில் வந்தது. பழைய வண்டியின் தண்டும் புதிதாக வாங்கிய ஹவுஸிங்கின் தண்டும் ஒரே வகையா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கிங்பின் பேரிங் இறுக்கம் சரியில்லாவிட்டால், வேகத்தில் ஸ்டியரிங் கையைவிட்டு உதறும். இதைப் பட்டறைக்கு வெளியே நாமே செய்து பார்ப்பது விவேகமன்று.

எல்லாம் பூட்டிய பின் முதல் சோதனையைத் தார்ச் சாலையில் செய்யலாகாது. பல் சரியாக ஒத்திருந்தாலும், வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் செல்வதால், உலர்ந்த சாலையில் நான்கு சக்கர ஓட்டம் ஓரளவு முறுக்கேறவே செய்யும். மண் தரையில் நேராக நூறு அடி ஓட்டி, நெம்புகோல் இலேசாக விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு டயர்களும் ஒரே அளவாகவும் ஒரே அளவு தேய்ந்தவையாகவும் இருக்கட்டும்.

மழைக்காலத்தில் தண்ணீருக்குள் சென்று வந்த வண்டியானால், மறுநாளே ஹவுஸிங்கின் அடி ஆணியைத் தளர்த்திச் சிறிது எண்ணெயைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பாருங்கள். ஓடிச் சூடான ஹவுஸிங் குளிர்ந்த நீரில் இறங்கும்போது, உள்ளேயுள்ள காற்றுச் சுருங்கி, மூச்சுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் கவலையில்லை. பால் கலந்த காப்பிபோல் இருந்தால் முழுவதையும் வடித்துவிட்டுப் புது கியர் ஆயில் ஊற்றி, இரண்டு நாள் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். மூச்சுத் துளையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, எஞ்சின் மூடிக்குள் உயரமாகக் கட்டிவிட்டால், அடுத்த வெள்ளத்தில் அந்த வழியாக நீர் புகாது.